சாம்பற்போர்வையாள்

கோடை முற்றி, மழைக்கு இன்னும் நாள் பல கிடந்த அவ்விடைக்காலத்தில், குன்றின் சரிவைப் பற்றிக்கொண்டு கீழ்நோக்கிப் பரந்திருந்த அந்நகரின்மேல் காற்று ஓர் இமைப்பொழுதும் ஓயாமல் திரிந்துகொண்டிருந்தது. மேற்கே, கல்லுடைத்துக் கைவிட்ட பெருங்குழிகளின் வெண்பொடியை வாரியெடுத்து, முட்புதர்களில் கிழிபட்டு, தெருத்திருப்பங்களில் தடுமாறி, சாத்திய கதவுகளைத் தட்டித் திறந்த கதவுகளை அறைந்து, எதையோ எங்கோ வைத்துவிட்டு வைத்த இடத்தை மறந்தவனைப்போல் அது வந்த வழியே மீண்டும் மீண்டும் போய்வந்தது. முற்பகல் வெயில் கூரைகளின்மேல் ஏறி நின்றது. கடைகளின் முன் தொங்கிய துணித்திரைகள் புடைத்துச் சுருங்கின. மாடிகளில் உலர்ந்த ஆடைகள் கொடியை இழுத்து இழுத்துத் துடித்தன. மரங்கள் இலைகளைத் திருப்பித் திருப்பி வெளிறிய அடிப்புறம் காட்டின. அசையாதிருந்தது ஒன்றே: சரிவின் இடைமேட்டில், தடித்த சுவர்களும் ஒடுங்கிய சாளரங்களுமாய், நாற்பதாயிரம் இறந்த உயிர்களை ஊசிமுனையில் நிறுத்திக் காத்துக்கொண்டிருந்த பூச்சிக் காப்பகம்.

படிப்போரே, அக்கட்டடத்தினுள் நுழைவோர் முதலில் எதிர்கொள்வது அந்துருண்டையின் நெடி. அடுத்து, இரும்புப் பேழைகளின் வரிசை. பேழைக்கு இருபது இழுப்பறைகள்; இழுப்பறைக்குக் கண்ணாடி மூடி; மூடியின் கீழ், ஆடவர் அணிவகுத்து நிற்பதுபோல் வரிசை பிறழாமல் நிற்கும் வண்டும் தும்பியும் அந்துப்பூச்சியும். ஒவ்வோர் உடலின் அடியிலும், அதே ஊசியில் கோத்த, நகத்தளவே ஆன சீட்டுகள்: எங்கே பிடிபட்டது, எந்நாள், எவர் கையால். சீட்டற்ற உடல் அங்கே வெறும் தூசு. சீட்டுள்ள உடலோ, நூறாண்டு கழித்தும் எழுந்து உண்மை சொல்லும் சான்று.

மாந்தர் உயிர்களுக்குப் பெயரிட்ட கதை நெடியது. உண்ணத்தக்கது, கடிப்பது, நோய் தீர்ப்பது, நெல்லைத் தின்பது என்று தம் தேவையும் அச்சமும் சொல்லிக் கொடுத்தபடியே முன்னோர் பெயரிட்டனர். ஏடெழுதிய அறிஞர் வந்தபின், பெயர்கள் மூச்சு முட்டும் அளவுக்கு நீண்டன. "கருஞ்சிறகின் ஓரத்தே வெண்புள்ளி ஏழுடையதும், மாலையில் மட்டும் பறப்பதும், முருங்கையில் முட்டையிடுவதுமாகிய சிற்றந்து" என்பதே ஒரு பூச்சியின் பெயராய் இருந்த நாளும் உண்டு. அதன்பின் அவ்வளவையும் இரண்டே சொற்களில் அடக்கினர். அடக்கியதைக் காக்க நெறிகளும் வகுத்தனர். பெயரிட்டவர் ஓர் உடலைத் தேர்ந்து அதற்குச் செந்நிறச் சீட்டுக் கட்டவேண்டும், அவ்வுடலே மூலவுடல், பெயர் அதனோடு பிணைந்தது. ஓருயிருக்கு இருவர் பெயரிட்டால் முந்திய பெயரே நிற்கும். பிந்தியது அதன் கீழே சாயும். சாய்ந்த பெயரை ஒருவரும் அழிப்பதில்லை. ஏடு உள்ளவரை, நின்ற பெயரின் கீழ், சற்றே உள்தள்ளி, சிற்றெழுத்தில் அது கிடக்கும்.

இக்காப்பகத்தில் முப்பதாண்டுகளாய்ப் பணிபுரிந்தனர் ஒரு கணவனும் மனைவியும். கணவர், இதுவரை அறுபது பூச்சிகளுக்குப் பெயரிட்டவர். ஆதலின் உடன்பணியாளர் அவரைப் பெயர்க்காரர் என்றே வழங்கினர். மனைவி முட்டையிலிருந்து புழுவையும் புழுவிலிருந்து கூட்டையும் வளர்த்தெடுப்பவள். நுண்ணோக்கியின் அடியில் காலும் உணர்கொம்புமாய் வரைந்து தருபவள். ஊசி குத்துவதில் அவள் விரலுக்கு நிகர் இன்மையால் ஊசியம்மா எனப்பட்டாள். கணவரின் கட்டுரைகளில் அவளுக்கு உரிய இடம் கடைசி வரி. அங்கே நன்றி சொல்லப்பட்டிருக்கும். அவள் தானே பெயரிட்டது வாழ்நாளில் ஒன்றே ஒன்று. பதினாறு ஆண்டுகளுக்கு முன், கற்குழியின் உச்சிப்பாறையில், சிறகே இல்லாத ஒரு பெண் அந்தினைக் கண்டெடுத்தாள். உருண்டைப் பஞ்சினைச் சாம்பலில் புரட்டினாற்போன்ற அதற்கு, வழக்கொழிந்த மொழியொன்றில், 'சாம்பல் போர்த்தவள்' எனப் பொருள்படும் பெயரை இட்டாள். அவள் அதனைத் தமிழில் சாம்பற்போர்வையாள் என்றே அழைத்தாள். கட்டுரையின் முடிவில், "ஆண் அறியப்படவில்லை" என்று எழுதினாள்.

அதே இதழில், அதே நாளில், பெயர்க்காரரும் ஓர் அந்தினுக்குப் பெயரிட்டிருந்தார். நகர விளக்குக் கம்பத்தடியில் பிடிபட்டது அது. செம்பழுப்பு முன்சிறகு இரண்டிலும் பிறைபோல் ஒவ்வொரு வெண்கீற்று உடையது. அதற்கு அவர் தம் மனைவியின் பெயரையே சூட்டியிருந்தார். மணமான நாள்தொட்டு அவளை அவர் பலர்முன் பாராட்டியது அவ்வொருமுறைதான். அக்கட்டுரையின் முடிவில், "பெண் அறியப்படவில்லை" என்று இருந்தது. இருபத்துநான்கு பக்க இடைவெளியில், ஒன்றில் ஆண் இல்லை, ஒன்றில் பெண் இல்லை. ஒரே அட்டைக்குள் கிடந்த அவ்விரண்டையும் எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சிறகின் நரம்பைக்கொண்டு அவர் தம்முடையதை ஒரு குடும்பத்தில் வைத்தார். சிறகின்மையால் காலைக்கொண்டு அவள் தன்னுடையதை வேறொரு குடும்பத்தில் வைத்தாள். கற்றவர் செய்யும் பிழை இவ்வாறே இருக்கும்; கல்லாதவன் ஒருவன் அவ்விரண்டையும் ஒரே செடியில் கண்டால் ஆணும் பெண்ணும் என்று சொல்லிப் போயிருப்பான்.

அன்றுமுதல் ஒவ்வோர் இளவேனிலிலும் ஒருநாள், அவள் தன் பெயரின் ஆணைத் தேடிக் கற்குழிக்குப் போனாள். கணவரும் உணவுக்கூடையைச் சுமந்துகொண்டு உடன் போவார். அவள் உச்சிப்பாறையில் ஏறி வெடிப்பு வெடிப்பாய்த் துழாவுவாள். அவர் அடிவாரத்து முட்புதர் ஒன்றின் முன் துணி விரித்து அமர்ந்திருப்பார். பதினைந்து இளவேனில்கள் இப்படிக் கழிந்தன. ஆணும் கிட்டவில்லை, இன்னொரு பெண்ணும் கிட்டவில்லை. சாம்பற்போர்வையாள் உலகில் ஓருடலால் மட்டுமே அறியப்பட்ட அரிய இனம் என்று ஏடுகள் குறித்தன.

இவ்வாண்டு அவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவள் தனியே போனாள். கூடையை வைக்க நிழல் தேடி, அவர் வழக்கமாய் அமரும் அப்புதரின் அடிக்கே சென்று குனிந்தவள், கிளைக்கவட்டில் பழைய கூடொன்றையும், அதன்மேல் சாம்பல்நிற மயிரால் மூடிய முட்டைத் திரளையும் கண்டாள். கொய்து வந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்தாள். முப்பத்தொரு கம்பளிப்புழுக்கள், இலை, கழிவு, உரித்த தோல் என நாற்பது நாள். நாம் சொல்லத் தொடங்கிய அம்முற்பகலில், காற்று சாளரத்தை உலுக்கிக்கொண்டிருக்கையில், முதற்கூடு பிளந்து சிறகில்லாத ஒருத்தி வெளிவந்தாள். ஊசியம்மா காத்தாள். இரண்டாம் கூடு பிளந்தது. ஈரச் சிறகுகளை இழுத்துக்கொண்டு ஏறிவந்தது ஓர் ஆண். சிறகு விரிந்து உலர உலர, செம்பழுப்பின் நடுவே, மறைந்த எழுத்து மேலெழுவதைப்போல் இரு வெண்பிறைகள் தெளிந்தன.

பதினாறு ஆண்டு தேடிய ஆண், தன் பெயரையே சுமந்துகொண்டு இழுப்பறையில் இருந்திருக்கிறது என்பதை உணர்ந்தபோது அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இருப்புக்கொள்ளாமை வந்தது. எழுந்தாள், சாளரத்தை மூடினாள், மூடியதைத் திறந்தாள், கழுவிய குடுவையையே மீண்டும் கழுவினாள். கணவர் விடியலிலேயே தொலைவிலுள்ள ஏரிக்கரைக்குக் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தார், மாலைதான் மீள்வார். அவரிடம் சொல்லவேண்டும் என்று ஒருகணம் நெஞ்சு விரைந்தது. சொல்லிவிடக்கூடாது என்று மறுகணம் அதே நெஞ்சு பின்வாங்கியது. ஏன் அப்படிப் பின்வாங்கியது என்பது மாடியேறி இதழாசிரியையின் அறையை அடைந்தபோதுதான் அவளுக்கே விளங்கிற்று.

இதழாசிரியை அவளினும் பத்தாண்டு இளையவள். அச்சுத்தாள்களின் நடுவே கழுத்தளவு புதைந்திருப்பவள். செய்தியைக் கேட்டு எழுதுகோலைக் கீழே வைத்தாள். பழைய இதழை எடுத்துப் புரட்டினாள்.

"பக்கத்தைப் பாருங்கக்கா. சாரோடது பதினேழு. உங்களுது நாப்பத்தொண்ணு. முன்னாடி இருக்கறதுதானே நிக்கும்?"

"பக்கத்துக்கு வயசு கிடையாதும்மா. ஒரே நாள்ல வந்தா ரெண்டும் ஒண்ணுதான். அது ரெண்டும் ஒரே உசுருன்னு முதல்ல யாரு எழுதறாங்களோ, அவங்க எதை நிறுத்தறாங்களோ அதுதான் நிக்கும். ஏன்னுகூடச் சொல்ல வேண்டாம்."

"அப்ப உங்க கையில இருக்கு."

"இன்னிக்கு என் கையில இருக்கு."

"சார் முந்திட்டா அவர் கையில."

"அவருக்கு இன்னும் தெரியாது" என்றாள் ஊசியம்மா.

மறுநாள் நண்பகலில் இதழ் அச்சுக்குப் போகிறது என்றும், இரண்டு பக்கம் இடம் இருக்கிறது என்றும் இதழாசிரியை சொன்னாள். பெயர்க்காரரின் வெண்பிறை அந்து பள்ளிப் பாடநூலில்கூட வந்துவிட்ட பூச்சி. அந்தப் பெயரைச் சாய்த்தால் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசுவார்கள் என்பதையும் மெல்லச் சொல்லிவைத்தாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாதது அவளுடைய நாகரிகம்.

படியிறங்கும்போது ஊசியம்மாவின் உள்ளத்தில் அந்த முடிச்சு இறுகியது. தான் இட்ட பெயரை நிறுத்தினால், தனக்கு இடப்பட்ட பெயர் சாயும். தனக்கு இடப்பட்ட பெயரை நிறுத்தினால், தான் இட்ட ஒரே பெயர் சாயும். ஒன்றில் அவள் பெயர் பெற்றவள். மற்றொன்றில் பெயர் தந்தவள். எதை நிறுத்தினாலும் நிற்பவள் அவளே. எதைச் சாய்த்தாலும் சாய்பவளும் அவளே. தன்னலம் என்று ஊர் சொல்லும். இரண்டு பக்கமும் அதே சொல்தான் காத்திருந்தது. தராசின் இரு தட்டிலும் தன்னையே வைத்து நிறுத்த ஒருத்தி, முள் எப்பக்கம் சாய்ந்தால் நேர்மை என்று யாரிடம் கேட்பாள்?

நெறிப்படி, எழுதுமுன் இரு மூலவுடல்களையும் கண்ணால் காணவேண்டும். கீழ்க்கூடத்தில் உருண்டைக்காரர் இருந்தார். பேழைதோறும் அந்துருண்டை மாற்றுவதும், பிணந்தின்னும் சிறுவண்டுகள் உள்ளே நுழையாமல் காப்பதும் அவர் தொழில். சாம்பற்போர்வையாளின் இழுப்பறையை அவரே இழுத்துக் காட்டினார். செஞ்சீட்டின்மேல் அவள் பதினாறு ஆண்டுக்கு முன் குத்திய உடல், ஒரு மயிரும் உதிராமல், நேற்றுக் குத்தியது போல் இருந்தது. வெண்பிறையின் பேழைக்கு வந்ததும் அவர் தயங்கினார்.

"இந்த இழுப்பறை சாவி சார்கிட்டதாம்மா. நானே பாத்துக்கறேன், நீ தொடாதேன்னுட்டாரு. பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"மாத்துச் சாவி இருக்குமே?"

"இருக்கு. ஏட்டுல கையெழுத்துப் போடணும். நீங்க போட்டா எனக்கு என்ன வந்துச்சு. பொண்டாட்டி திறந்தா திருட்டு ஆகுமா?"

அவள் கையெழுத்திட்டாள். இழுப்பறை முனகிக்கொண்டு வெளிவந்தது. கண்ணாடியின் கீழே நுண்ணிய பழுப்புப் பொடி படிந்திருந்தது. செஞ்சீட்டுக்கு மேலே, ஊசியில், உடல் இல்லை. நான்கு சிறகுகள் மட்டும், பற்ற எதுவுமின்றி, சீட்டின்மேல் சரிந்து கிடந்தன. சிறுவண்டுகள் உள்ளிருந்ததை முழுவதும் தின்றுவிட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும்.

உருண்டைக்காரர் தம் கையிலிருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட விட்டிருந்தா இது ஆகியிருக்காதும்மா. நாப்பதாயிரத்துல ஒண்ணைத்தான் பூட்டிவெச்சாரு, அதைத்தான் தின்னுட்டுப் போயிருக்கு" என்றார்.

ஒரு பேழையில் உடலில்லாத சிறகு. மற்றொரு பேழையில் சிறகில்லாத உடல். அவ்விரண்டையும் நினைத்தபடி நின்றவளின் கண்ணில், இழுப்பறையின் பின்மூலையில், மெழுகால் வாய்மூடிய சிறு பெட்டியொன்று பட்டது. எடுத்தாள். மெழுகைக் கீறினாள். உள்ளே, ஒற்றை அட்டையில், வெண்பிறை ஆண் ஒன்றும் சாம்பல் பெண் ஒன்றும், வால்முனையால் ஒன்றையொன்று பற்றி இணைந்த நிலையில், அப்படியே உலர்ந்திருந்தன. அடியில் சீட்டு. எறும்பின் கால்போன்ற அச்சிற்றெழுத்தை அவள் உலகில் எங்கும் அறிவாள். கற்குழி; அடிவார முட்புதர்; பெயர்க்காரரின் ஒப்பம்; நாள். அந்நாள் பதினோர் ஆண்டுகளுக்கு முந்தியது.

படிப்போரே, பொய்யான சீட்டு எழுதுவதைவிட உண்மையான சீட்டை எழுதி மறைப்பது அவர்கள் தொழிலில் பெரிய குற்றம். ஆனால் அவள் அப்போது தொழிலை நினைக்கவில்லை. பதினோர் இளவேனில்களை நினைத்தாள். வெயிலில் பாறை சுட, முழங்கால் தோல் உரிந்து, வெடிப்புக்குள் விளக்கை நுழைத்துத் துழாவிய ஒவ்வொரு முறையும், கீழே அப்புதரை முதுகால் மறைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருந்ததை நினைத்தாள். இறங்கி வந்து இன்றும் இல்லை என்று அவள் சொல்லும்போது, தண்ணீர்க் குவளையை நீட்டி, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அவர் சொன்னதை நினைத்தாள். பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் பாதையை விட்டு வேறொரு தெருவில் நடந்தாள்; அத்தெருமுனையிலிருந்து திரும்பினாள்; கடைத்தெருவின் நெரிசலில் ஒருமுறை போய், ஒன்றும் வாங்காமல் வந்தாள். காற்று அவளைவிட்டு விலகாமல் கூடவே நடந்தது.

மாலை ஒளி இன்னும் சாளரத்தில் இருந்தபோது பெயர்க்காரர் வந்தார். பிசகிய காலைச் சற்றே இழுத்து நடந்து, வலையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பியவர், உணவுமேசையின் நடுவே திறந்திருந்த பெட்டியைக் கண்டார். நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றார். மேசையின் மறுபுறத்திலிருந்து ஊசியம்மா கேட்டாள்.

"எப்பங்க பார்த்தீங்க?"

"சீட்டுல இருக்கே."

"சீட்டை நான் படிச்சுட்டேன். உங்க வாயால கேக்கணும்."

அவர் அமர்ந்தார். "நீ பாறைமேல ஏறிட்டிருந்த. கூடையை வைக்கலாம்னு குனிஞ்சேன். கையெட்டற தூரத்துல ரெண்டும் இருந்துச்சு. உன்னைக் கூப்பிடணும்னு வாயைத் தொறந்துட்டேன்."

"தொறந்த வாயை ஏன் மூடினீங்க?"

"சொன்னா யாராவது எழுதணும். எழுதினா ஒண்ணைச் சாய்க்கணும். உன் பேரைச் சாய்க்கவா, நீ வெச்ச பேரைச் சாய்க்கவா? எப்படிப் பார்த்தாலும் உன்னைத்தான் சாய்க்கணும். என்னால முடியல."

காலையில் மாடிப்படியில் தன் நெஞ்சில் ஓடிய அதே சொற்களை அவர் வாயில் கேட்டதும் அவள் ஒரு நொடி தளர்ந்தாள். தளர்ந்ததற்காகவே அவள் குரல் மேலும் இறுகியது.

"அது முதல் வருஷத்துக்குப் பதில். பதினோராவது வருஷத்துக்கு என்ன பதில்?"

காற்று கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போயிற்று. பின், மேசைமேல் கிடந்த தம் கைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்கருந்து திரும்பி நடந்து வரும்போது நீ பேசிட்டே வருவ. அம்மா வீட்டுக் கதை, சின்ன வயசுல புழு பிடிச்சது, என்னென்னவோ. வருஷத்துல அந்த ஒருநாள்தான் நீ அப்படிப் பேசறது. ஆண் கிடைச்சுட்டா அப்புறம் எதுக்குப் போவோம்?"

"பேசணும்னா வீட்லயே பேசியிருக்கலாமே."

"வீட்ல நாம எங்க பேசறோம்."

முப்பதாண்டுகளாய் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து, உப்பை நகர்த்து, விளக்கை அணை என்ற அளவில் பேசிவந்த வீடு அது. ஆயினும் அவள் விட்டுவிடவில்லை. "என் முட்டியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் பதினோரு வருஷம் பாறை ஏறுச்சு" என்றாள். அவர் தலை குனிந்தார். எதை நிறுத்தினாலும் தமக்குச் சரியே என்று மெல்லத் தொடங்கினார். சரி என்று சொல்லும் உரிமையைப் பெட்டிக்குள் வைத்து மெழுகிட்ட நாளிலேயே அவர் விட்டுவிட்டதாக அவள் சொன்னாள். பின், சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருந்ததால், குரலைத் தணித்து, வெண்பிறையின் மூலவுடலைச் சிறுவண்டுகள் தின்றுவிட்டதையும், எஞ்சியவை நான்கு சிறகுகளே என்பதையும் சொன்னாள்.

அவர் அதனை அறியவில்லை. பெட்டியை உள்ளே வைத்த நாளுக்குப் பின் அவ்விழுப்பறையைத் திறக்க அவருக்கு நெஞ்சுரம் வரவில்லை. பிறரைத் திறக்கவிடவும் இல்லை. மனைவியின் பெயரைக் காப்பதாய் எண்ணிப் பூட்டிய பூட்டே அதனைத் தின்னக் கொடுத்திருந்தது. அவர் முகத்தில் நிகழ்ந்ததைப் பார்க்க விரும்பாமல் அவள் எழுந்து சென்று, தேவையில்லாமல் சாளரத்தின் தாழைச் சரிசெய்தாள்.

மறுநாள் காலை அவள் எழுதினாள். இரண்டு பக்கம் நிரம்பவில்லை. குடுவையில் வளர்ந்த முப்பத்தொன்றின் கணக்கு. புதரில் பிடிபட்ட இணையும் அது பிடிபட்ட நாளும். இரு வடிவங்களின் ஒற்றுமை. பழைய பிழை தோன்றிய வகை. அதன்பின் ஒரே வரி: "ஒரே நாளில் வெளியான இரு பெயர்களுள் சாம்பல் போர்த்தவள் என்னும் பெயரை நிறுத்துகிறேன்." மூலவுடல் முழுதாய் இருப்பதை ஏதுவாய்க் காட்டலாம், காட்டவில்லை. நெறி ஏது கேட்கவில்லை. கேட்காதவர்க்கு அவளும் சொல்லவில்லை. ஆனால் தனக்குத்தானே அவள் சொல்லிக்கொண்டது உண்டு: பிறர் அன்பாய்த் தந்ததைப் பிறர் பூட்டியும் வைக்கலாம், தான் கண்டு தான் சொன்னதைப் பூட்ட வேறெவரிடமும் சாவி இல்லை.

எழுதி முடித்தபின், இணைந்த அவ்விணைக்குப் புதிய சீட்டு வேண்டியிருந்தது. காப்பகத்தில் நகத்தளவு இடத்தில் நான்கு வரி எழுதவல்ல கை ஒன்றுதான். பெயர்க்காரர் கேளாமலேயே வந்து அமர்ந்தார். முனை நுண்ணிய எழுதுகோலை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். நின்ற பெயரை எழுதினார். அதன் கீழே, சற்றே உள்தள்ளி, இன்னும் சிறிய எழுத்தில், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தாம் சூட்டிய மனைவியின் பெயரை எழுதினார். இடம் எழுதினார். பின் எழுதுகோல் நின்றது.

"தேதி?"

"அன்னிக்கு என்ன தேதியோ, அதேதான்."

அவர் எழுதினார். அந்த ஓர் எண்ணால், தாம் பதினோர் ஆண்டு அறிந்தும் மறைத்தவர் என்பது, ஏடு உள்ளவரை, சீட்டைப் படிப்போர்க்கெல்லாம் வெளிப்படும் என்று அறிந்தே எழுதினார். எழுத்து ஒன்றும் கோணவில்லை. மாடியில் கட்டுரையைப் படித்துப் பார்த்த இதழாசிரியை, இணையின் நாள் குறித்த இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"அக்கா, பதினோரு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கீங்க. தப்பா விழுந்துடுச்சா?"

"தப்புதான்மா. ஆனா தேதி சரி."

கட்டுரை அச்சுக்குப் போயிற்று.

அன்று பிற்பகல், வளர்ப்பறையில், எஞ்சிய கூடுகளுள் ஒன்றிலிருந்து மற்றொரு சாம்பற்போர்வையாள் வெளிவந்து, தன் கூட்டின்மேலேயே அசையாமல் அமர்ந்திருந்தாள். அவ்வினத்துப் பெண் நடந்து போகும் தொலைவு அவ்வளவே. பிறந்த கூட்டின்மேல் இருந்து, அங்கேயே முட்டையிட்டு, தன் மயிரை உதிர்த்து அவற்றை மூடி, அங்கேயே முடிவாள். பெயர்க்காரர் வாயிலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்பவர்போல் நின்றார்.

"இனிமே குவாரிக்குப் போக வேண்டியதில்ல, இல்லையா?" என்றார்.

அவள் குடுவையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "போகணும். உச்சிப்பாறையில நான் எடுத்த அந்த ஒண்ணு, புதர்ல பொறந்தது அங்க எப்படி ஏறுச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதை நீங்க ஏறித் தேடுங்க. நான் கீழ உக்காந்துக்கறேன். கூடையை நான் தூக்கிட்டு வர்றேன்."

"கால் இப்படி இருக்கே."

"என் முட்டி எப்படி இருந்துச்சாம்?"

அவர் சிரிக்க முயன்றார், முழுதும் வரவில்லை. அப்போது சாளரக் கண்ணாடியில் ஏதோ மெல்லென மோதும் ஒலி கேட்டது. இருவரும் திரும்பினர். வெளியே, வெயிலில், ஓயாத அக்காற்றை எதிர்த்து ஏறிவந்த மூன்று வெண்பிறைகள், கண்ணாடியின் மறுபுறம் சிறகடித்துச் சரிந்து, சரிந்து எழுந்து கொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன என்று சொல்வாரில்லை; உள்ளே கூட்டின்மேல் அமர்ந்தவளின் மணமே அவற்றை அழைத்திருந்தது. பதினாறு ஆண்டு அவள் பாறைவெடிப்புகளில் தேடியவை, உயிருள்ள ஒருத்தியை வைத்துச் சாளரத்தைத் திறந்திருந்தால் தாமே வந்திருக்கும்.

அவள் தாழை நீக்கினாள். காற்று முதலில் நுழைந்து, மேசைமேலிருந்த வெற்றுச் சீட்டுகளை வாரி அறை முழுதும் இறைத்தது. அதன் பின்னே அந்துகள் நுழைந்தன. இருவரும் குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினர். மேலே, ஒரு பெயரும் அறியாத அச்சிற்றுயிர்கள் தமக்குரியவளைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நாம் இட்ட பெயர்கள் அவற்றின் சிறகில் ஒரு துகளும் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. அப்பெயர்களின் சுமை முழுவதும் இட்டவர்மேல்தான். நிற்பதும் சாய்வதும், பூட்டுவதும் திறப்பதும், காலம் கடந்தேனும் உரிய நாளை உள்ளபடி எழுதுவதும் அவர்க்கே உரியன. எழுதிய பின்னும் நெஞ்சு அடங்குவதில்லை. காற்று அடங்கும் பருவம் வரும்வரை அவ்விருவரும் அச்சாளரத்தை மூடவில்லை.